பெட்டி இருந்த இடம்

அண்ணாந்தாருக்கு அந்தப் பெயரை வைத்தது யாரென்று தெரியாது. யாராக இருந்தாலும் ஆளைச் சரியாகப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். மனிதர் நடக்கும்போது தரையைப் பார்க்கவே மாட்டார். கழுத்தை மேலே தூக்கி, வாயைக் கொஞ்சம் திறந்து, ரப்பர் மரத்தின் உச்சியைப் பார்த்துக்கொண்டே போவார். வேர் தடுக்கி விழுவார், ரப்பர் பால் பிடிக்கும் கோப்பையை எத்திவிடுவார், எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டு மறுபடியும் மேலே பார்ப்பார். அவர் வீட்டுக்குப் பின்னாலிருந்த அறையில்தான் நான் சில வருடம் குடியிருந்தேன். ரப்பர் ஷீட் வாங்கும் கிடங்கில் எனக்கு வேலை. ஷீட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, அழுக்கு இருக்கிறதா, குமிழி இருக்கிறதா என்று பார்த்துத் தரம் பிரிக்க வேண்டும். "எதை எடுத்தாலும் குத்தம் கண்டுபிடிக்கிற வேலை, உனக்குன்னே செஞ்சு வெச்சிருக்காங்க" என்று அக்கா சொல்வாள்.

அக்கா என்பது அவருடைய மனைவி. எனக்கு உறவில்லை, ஆனால் மூன்று வேளையும் அவள் கைச் சோறு. அவளை வேறென்ன சொல்லிக் கூப்பிடுவது?

வீட்டுக்குப் பின்னாலேயே தோட்டம் தொடங்கிவிடும். கிணற்றடி தாண்டினால் ஷீட் உருட்டும் கொட்டகை, அதை ஒட்டித் தகரக்கூரை போட்ட புகை அறை, அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் என் அறை. என் சட்டை, தலையணை, டூத் பிரஷ் வரைக்கும் புகை வாசனை இருக்கும். தோட்டத்தில் இரண்டு பகுதி. ஓடைப் பக்கம் கீழ்த்தோட்டம். அது ஒரு ஜாதி மரம், இலை உதிர்த்து முதலில் துளிர்க்கும். சரிவில் ஏறினால் மேல்தோட்டம். அது வேறு ஜாதி, எல்லாவற்றிலும் தாமதம். "இது அவ மாதிரி, சொன்ன நேரத்துக்கு முன்னாடி வந்து நிக்கும். அது என்னை மாதிரி" என்று அண்ணாந்தார் கீழேயும் மேலேயும் கை காட்டுவார்.

மரங்கள் அவருடையவை. கீழ்த்தோட்டத்து மரங்களுக்கு நடுவே வரிசையாக நின்ற தேன் பெட்டிகள் அக்காவுடையவை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் வெட்டிய பாலைச் சுமந்து, உறையவைத்து, உருட்டி, புகை போட்டுக் கை காய்த்துப் போனவள் அவள். ஆனால் கிடங்கில் ஷீட்டைப் போட்டால் "அண்ணாந்தார் சரக்கு" என்றுதான் சொல்வோம். தேன் மட்டும்தான் "அக்கா தேன்". முதல் பெட்டியை அவளுடைய தம்பி கொண்டுவந்து கொடுத்தான். அந்த ஒன்றைப் பிரித்துப் பிரித்து அவள் ஒரு டஜனுக்குக் கொண்டுவந்திருந்தாள். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒற்றைக் கால். எறும்பு ஏறாமலிருக்கக் காலைச் சுற்றி எண்ணெய் நிரப்பிய தொட்டி. அந்தத் தொட்டியெல்லாம் உடைந்த பால் கோப்பைகளை ஒட்டுப்போட்டு அவளே செய்தது.

ரப்பர் மரத்தில் பூவைவிட இலையில்தான் தேன் அதிகம். இது எனக்கும் அங்கே போய்த்தான் தெரிந்தது. ஒரு காம்பில் மூன்று இலை. அந்த மூன்றும் சேரும் இடத்தில், தளிர் கொஞ்சம் பச்சை பிடித்ததும் இனிப்பு கசியும். இலை முற்றிவிட்டால் நின்றுபோகும். வருடத்துக்கு ஒரு முறை, சில வாரங்கள். அக்காவின் வருமானம், மரியாதை, சிரிப்பு எல்லாம் அந்தச் சில வாரங்களில் இருந்தது.

அவர் தேன்பூச்சிகளை "உன் பொறந்த வீட்டு ஆளுங்க" என்பார். "உன் தம்பி மாதிரியே இருக்கு. வந்தா சும்மா போகாது, ஒரு கொட்டு கொட்டிட்டுத்தான் போகும்."

"என் பொறந்த வீட்டு ஆளுங்க உழைச்சுச் சாப்பிடுறவங்க. உங்க மூத்த சம்சாரம் மாதிரி நின்ன இடத்துல நின்னுக்கிட்டு ஆள் வெச்சு வேலை வாங்கல" என்பாள் அக்கா. மூத்த சம்சாரம் என்பது மரம். அவளுக்குக் கோபம் வந்தால் அது சக்களத்தி ஆகிவிடும்.

அந்த வருடம் வானம் ஆரம்பத்திலேயே தகராறு செய்தது. இலை உதிர்க்கும் காலத்தில் நல்ல வெயில் காய வேண்டும். காய்ந்தால் மரமெல்லாம் ஒரே மூச்சில் மொட்டையாகி, ஒரே மூச்சில் துளிர்க்கும். தளிர் மளமளவென்று முற்றிவிடும். அந்த வருடம் வெயில் வர வேண்டிய நேரத்தில் மழை வந்தது. மரங்கள் குழம்பிவிட்டன. பாதி உதிர்த்தது, பாதி உதிர்க்கவில்லை. கீழ்த்தோட்டம் எப்படியோ துளிர்த்துப் பச்சை பிடித்துவிட்டது. பூச்சிகள் அங்கே திருவிழாக் கூட்டமாக மொய்த்தன. மேல்தோட்டத்திலோ தளிர் அப்போதுதான் செம்பு நிறத்தில் எட்டிப் பார்த்தது. மழை நின்றதும் பனி பிடித்துக்கொண்டது. விடிந்து வெகுநேரம் ஆகியும் கிணற்றடியிலிருந்து கொட்டகை தெரியாது. பனி விலகினால் மேகம், மேகம் விலகினால் சாயங்காலம்.

அண்ணாந்தார் காலையில் டீயைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நிற்பார். பால் வெட்டு நிறுத்தியிருந்த காலம், வேலையும் இல்லை.

"டீ ஆறுது" என்பாள் அக்கா.

"ஆறட்டும். வெயிலைக் காணோமே."

"நீங்க டீயைக் குடிச்சாதான் வெயில் வரும். அது உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கு."

ஒரு காலையில் அவர் மேல்தோட்டத்திலிருந்து இறங்கி வந்து, உள்ளங்கையை என் முன்னால் விரித்தார். சின்னக் குழந்தையின் விரல் நீளத்துக்குச் செம்புநிறத் தளிர்கள், சுருண்டு, ஓரம் கறுத்து. மேலே மாவு தூவியது போல் வெள்ளை.

"சாம்பல் விழுந்துடுச்சு தம்பி" என்றார்.

சாம்பல் நோய் எனக்கும் தெரியும். பனியும் மப்பும் சேர்ந்தால் அதற்குக் கொண்டாட்டம். முற்றின இலையை அதிகம் படுத்தாது, தளிரைத்தான் தின்னும். மூன்று இலையும் விழுந்து, காம்பு மட்டும் குச்சி குச்சியாக மரத்தில் நிற்கும். பிறகு அதுவும் விழும். மரம் மறுபடியும் துளிர்க்கப் பார்க்கும், மறுபடியும் சாம்பல் விழும். இரண்டு முறை அப்படி ஆனால் அந்த வருடம் மரத்தில் பால் இருக்காது. அதற்கு மருந்து கந்தகப் பொடி. தோளில் மாட்டும் விசைப்பம்பால் பொடியை உச்சிக்கு ஊதிவிட வேண்டும். இலையில் பனி ஈரம் இருக்கும்போது, காற்று அசையாத விடியற்காலையில் ஊதினால்தான் ஒட்டும்.

சிக்கல் அங்கேதான். விடியற்காலையில் சரிவின் மேலிருந்து குளிர்காற்று மெல்லக் கீழே இறங்கும். மேல்தோட்டத்தில் ஊதும் பொடி, அந்தக் காற்றோடு சாவகாசமாக இறங்கிக் கீழ்த்தோட்டத்தின் மேல் உட்காரும். கீழே பூச்சிகள் இலையை நக்கிக்கொண்டிருக்கின்றன.

அன்று மதியச் சாப்பாடு முழுக்க இந்தப் பேச்சுதான். வேகவைத்த கிழங்கு, மிளகாய் அரைத்தது, சுட்ட கருவாடு. கருவாட்டுக்கே சண்டை மறந்துவிட வேண்டும், மறக்கவில்லை.

"மஞ்சக்காரரை வரச் சொல்லியிருக்கேன்" என்றார் அண்ணாந்தார், கிழங்கைப் பார்த்து.

மஞ்சக்காரர் என்பவர் சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்கெல்லாம் கந்தகம் அடிப்பவர். அந்த மாதங்களில் அவருடைய புருவம், காது மடல், மூக்கு முடி எல்லாம் மஞ்சளாக இருக்கும்.

"எதுக்கு வரச் சொன்னீங்க?" அக்கா கேட்டாள்.

"எதுக்கு வருவாரு? உன் தேனைக் குடிச்சுப் பாக்கவா?"

"இன்னும் கொஞ்ச நாள்தான். பெட்டியெல்லாம் நிறைஞ்சு வர்ற நேரம். பொடி பட்டா ஒண்ணு சாகும், இல்ல ஓடிப்போகும்."

"கொஞ்ச நாள்ல மேல ஒரு இலை இருக்காது."

"தம்பி, உங்க அண்ணன்கிட்ட சொல்லு. நான் இந்த வீட்டுக்கு வந்து எத்தனை வருஷமாச்சு, எனக்குன்னு என்ன கேட்டேன்னு கேட்டுச் சொல்லு."

"தம்பி, உங்க அக்காகிட்ட சொல்லு. நான் பூச்சியைக் கொல்றதுக்கு அடிக்கல, இலையைக் காப்பாத்த அடிக்கிறேன்னு சொல்லு."

எதிரெதிரே ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நான் நடுவில் ஒரு கருவாட்டோடு போராடிக்கொண்டிருந்தேன். "ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே இருக்கு?" என்றேன். இரண்டு பேரும் ஒரே குரலில் "நீ சும்மா இரு" என்றார்கள். அந்த ஒரு விஷயத்தில் அவர்களுக்குள் எப்போதும் ஒற்றுமை உண்டு.

"பெட்டியை எங்கயாவது தள்ளி வெச்சுக்கக்கூடாதா?" என்றார் அவர் கடைசியில்.

"தள்ளி வெக்கிறதுன்னா என் தம்பி வீட்டுக்குத்தான் கொண்டுபோகணும், மலைக்கு அந்தப் பக்கம். நானும் கூடப் போயாகணும். அவனுக்குப் பெட்டி குடுக்கத்தான் தெரியும், பாத்துக்கத் தெரியாது. நான் போயிட்டா நீங்க என்ன சாப்பிடுவீங்க? இலையையா?"

"நான் பொங்கித் தின்னுக்குவேன்."

"அடுப்பு எந்தப் பக்கம் இருக்குன்னு சொல்லுங்க, பாப்போம்."

அவர் கையைக் கழுவப் போய்விட்டார். மலைக்கு அந்தப் பக்கம் போக வேண்டும் என்றால் மச்சானிடம் உதவி கேட்க வேண்டும். அண்ணாந்தார் அதற்குப் பதிலாக நாக்கில் ஒரு கொட்டு வாங்கிக்கொள்வார்.

இப்படி இழுபறியில் இருக்கும்போதே, அக்காவின் தம்பி மனைவி வழுக்கி விழுந்து கையை உடைத்துக்கொண்டாள் என்று தகவல் வந்தது. அக்கா இரண்டு சேலையைப் பையில் திணித்துக்கொண்டு பஸ் ஏறினாள். போகும்போது, "நாளைக்கு மத்தியானம் வந்துடுவேன். அதுக்குள்ள அந்த மஞ்ச மூஞ்சி இந்தப் பக்கம் வரக்கூடாது" என்று என்னிடம் சொல்வது போல் அவரிடம் சொன்னாள்.

அவருக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்திருக்கிறது. அவள் வருவதற்குள் எல்லாவற்றையும் நல்லபடியாக முடித்து, மரத்தையும் பூச்சியையும் ஒருசேரக் காப்பாற்றி, அவள் மூக்கில் விரல் வைக்கும்படி செய்துவிட வேண்டும். அன்று நான் இருட்டிய பிறகு கிடங்கிலிருந்து திரும்பும் முன்பே வேலை முடிந்திருந்தது. பொழுது சாய்ந்து பூச்சிகள் அடங்கியதும், பெட்டி வாசல்களை ஈரத்துணியால் அடைத்து, மஞ்சக்காரரைக் கூட வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தூக்கிச் சாலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டார். ஓர் ஆள் கூப்பிட்டால் கேட்கும் தூரம். மேலே சாக்கு போட்டு மூடியிருந்தார். "ஒரு பொடி பட்டாலும் என் பேரை மாத்திக்கிறேன்" என்று சாப்பிடும்போது சொன்னார். அக்கா வைத்துவிட்டுப் போன சோற்றை இரண்டு தட்டு சாப்பிட்டார்.

விடிகாலையில் பம்பு சத்தம் கேட்டது. எழுந்து போய்ப் பார்த்தேன். மேல்தோட்டத்தில் மரங்களுக்கு நடுவே மஞ்சள் புகை எழும்பி, உச்சியைத் தொட்டு, பனியோடு கலந்து மெல்லச் சரிந்து இறங்கியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. கண்தான் எரிந்தது. அக்கா பயந்தபடியே பொடி இறங்கிக் கீழ்த்தோட்டத்து இலைகளிலும், காலியாக நின்ற பெட்டிக் கால்களிலும் படிந்தது. பெட்டிகள் சாலைக்கு அந்தப் பக்கம் பத்திரமாக இருந்தன. எனக்கு அன்று விடுமுறை. மறுபடி போய்ப் படுத்துவிட்டேன்.

அடுத்து என்னை எழுப்பியது ஓர் இரைச்சல். வெளியே வந்தால், கீழ்த்தோட்டத்தில் வெறும் கால்களுக்கு மேலே, முன்பு பெட்டி இருந்த அதே உயரத்தில், காற்றில் பூச்சிகள் சுழன்றுகொண்டிருந்தன. ஒவ்வொரு காலுக்கும் மேலே ஒரு கூட்டம். சில கால்களின் உச்சியில் கொத்தாக அப்பிக்கொண்டிருந்தன. நடுவில் அண்ணாந்தார் தோள்துண்டை ஆட்டிச் சாலைப் பக்கம் வழி காட்டிக்கொண்டிருந்தார்.

"தம்பி, இதுங்களுக்குக் கண்ணு தெரியலையா? பெட்டி அங்க இருக்கு! வாசலைத் தொறந்து விட்டேன், ஒரு சுத்து சுத்துச்சு, நேரா இங்க வந்துடுச்சு. அங்க போங்க! அங்க!"

பூச்சிகள் அவர் பேச்சை மதிக்கவில்லை. சில, பெட்டியைக் காணாத ஆத்திரத்தில் பொடி படிந்த இலைக்கே போய் நக்க ஆரம்பித்தன. அதைப் பார்த்ததும் மனிதருக்கு முகம் செத்துவிட்டது. துண்டைத் தலையில் சும்மாடு கட்டிக்கொண்டு சாலையைத் தாண்டி ஓடினார். வலை கிடையாது, கையுறை கிடையாது, திறந்த வாசலோடு பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். பட்டப்பகலில் யாரும் செய்யாத காரியம். நான் கூடப் போய்த் தூக்குகிறேன் என்றேன். "கிட்ட வராதே! கொட்டு வாங்குறது என் குடும்ப விவகாரம்" என்று கத்தினார்.

அக்கா மத்தியான பஸ்ஸில் வந்து இறங்கியபோது கடைசிப் பெட்டி அவர் தலையில் இருந்தது. ஒரு கண் முழுக்க மூடியிருந்தது, மற்றது பாதி. உதடு பணியாரமாக உப்பியிருந்தது. அவள் பையைக் கீழே போட்டாள். பெட்டிகளைப் பார்த்தாள், இலையைத் தொட்டு விரலைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். நான் என் அறைக்குள் போய்விடலாமா என்று யோசித்தேன்.

"அதைக் கால்ல வைங்க மொதல்ல" என்றாள். வைத்தார். "உக்காருங்க." உட்கார்ந்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, நகத்தால் ஒவ்வொரு கொடுக்காக வழித்து எடுக்க ஆரம்பித்தாள்.

"உங்களைத் தூங்கும்போது கட்டிலோட தூக்கிட்டுப் போய்ப் பக்கத்து வீட்ல வெச்சா, காலைல வேலைக்குப் போயிட்டுத் திரும்பி எந்த வீட்டுக்கு வருவீங்க?"

"எந்த வீட்ல டீ கிடைக்குதோ அந்த வீட்டுக்கு."

"இதுங்க உங்களை மாதிரி இல்ல. பெட்டியைத் தெரியாது, பெட்டி இருந்த இடம்தான் தெரியும். மாத்துறதா இருந்தா, இதுங்க பறந்து போற தூரத்தைத் தாண்டிக் கொண்டுபோயிடணும். அங்க போய்ப் புதுசா இடம் பழகிக்கும். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா நீ வேண்டாம்னுவே."

"அதுக்குத்தான் கேக்கணும்."

அவள் அடுத்த கொடுக்கை அழுத்தி வழித்தாள். அவர் பாதிக் கண்ணால் அவளைப் பார்த்தார். அவருடைய கை அவள் முழங்காலில் கொஞ்ச நேரம் இருந்தது. எனக்கு அவர்கள் இரண்டு பேரையும் ரொம்பப் பிடிக்கும். அன்று அதைச் சொல்லத் தெரியாமல் அடுப்பைப் பற்றவைத்து டீ போட்டேன். சர்க்கரைக்குப் பதில் உப்பு போட்டுவிட்டேன் என்று பிறகு தெரிந்தது. அவர்கள் குடித்துவிட்டார்கள்.

அடுத்த சில நாட்களில் இரண்டு பெட்டி காலியானது. வாசலில் கொஞ்சம் செத்துக் கிடந்தன, மற்றவை கூட்டமாக எழும்பி மரத்துக்கு மேலே கறுப்பாக ஒரு சுற்று சுற்றி மலைப்பக்கம் போய்விட்டன. அக்கா கழுத்தைத் தூக்கி அது கண்ணிலிருந்து மறையும் வரை பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று சமையல் நடந்தது, சாப்பிட்டோம், என்ன சாப்பிட்டோம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

கந்தகம் ஒரு தடவையோடு முடிகிற காரியம் அல்ல. பனி நிற்கும்வரை, வாரம் பத்து நாளுக்கு ஒரு முறை அடிக்க வேண்டும். முதல் தடவைக்கு மேல்தோட்டம் நன்றாகவே தேறியது. தளிர் கொஞ்சம் நீண்டு, தொங்கி, பச்சைக்குத் திரும்பப் பார்த்தது. பிறகு மறுபடியும் மப்பு. மஞ்சக்காரர் பம்பைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"இந்த வருஷம் போதும்" என்றார் அண்ணாந்தார்.

"என்னது போதும்? உச்சியில மறுபடி வெள்ளை பிடிச்சிருக்கு, இங்கிருந்தே தெரியுது. பாதியில விட்டா மொதல்ல அடிச்சதும் வீண்."

"தெரியும். போயிட்டு வாங்க."

மஞ்சக்காரர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். அவர் பம்பைத் தூக்கிக்கொண்டு போனார்.

அண்ணாந்தார் அதை அக்காவிடம் சொல்லவில்லை. ஆனால் இலை சொல்லிவிட்டது. புகை அறைக்கு மேலே மேல்தோட்டத்து மரக்கிளை ஒன்று நீண்டிருக்கும். தகரத்தில் தளிர் விழும் சத்தம் ரொம்பச் சின்னது. யாரோ நகத்தால் தட்டுவது போல. சாயங்காலம் நாங்கள் மூவரும் கொட்டகையில் உட்கார்ந்திருந்தோம். டக், டக் என்று விழுந்துகொண்டே இருந்தது. அவர் அதைக் கேட்காத மாதிரி உருளையில் இல்லாத அழுக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். இலை துளிர்க்கும் காலத்தில் அவர் மேலே பார்க்காமல் இருந்து நான் கண்டது அன்றுதான்.

"மஞ்சக்காரர் வரலையா?" அக்கா கேட்டாள்.

"வந்தாரு."

"அப்புறம்?"

"போகச் சொல்லிட்டேன்."

"ஏன்?"

"உனக்கு மிச்சம் இருக்கிறது பத்துப் பெட்டி. அதுவாவது இருக்கட்டும். மரத்துக்கு என்ன, அடுத்த வருஷம் துளிர்க்கும்."

அக்கா கொஞ்ச நேரம் தகரத்தில் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து செருப்பை மாட்டினாள்.

"எங்க போற?"

"உங்க மஞ்ச மூஞ்சியைக் கூப்பிட்டு வர."

"நான் சொல்லிட்டேன்ல, வேண்டாம்னு..."

"நீங்க என்ன பெரிய தியாகியா?" அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "இத்தனை வருஷமா பாலைச் சுமந்து என் தோள் ஒரு பக்கம் எறங்கிப் போச்சு. அந்த மரம் உங்களுக்கு மட்டும் சொந்தமா? மேல சாம்பல் நின்னா கீழ வராதா? எல்லா இலையும் போனா என் பூச்சி எதை நக்கும், உங்க மூஞ்சியையா? பெட்டியை நான் தம்பி வீட்டுக்குக் கொண்டுபோறேன். அங்க வெயில் படுது, இலை ஒண்ணா வந்திருக்கு, சாம்பல் இல்ல. அன்னிக்குப் போனப்பவே பாத்துட்டு வந்தேன். சொல்ல மனசு வரல. இலை முத்துற வரைக்கும் நான் அங்க இருக்கேன். நீங்க இங்க எத்தனை தடவை வேணாலும் அடிச்சுக்குங்க."

"நீயும் போகணுமா?"

"பெட்டி தானா பாத்துக்குமா?"

"இல்ல... கேட்டேன்."

மச்சான் மறுநாளே மினி லாரியோடு வந்தான். வந்ததும், "என்ன அத்தான், எங்க ஆளுங்க நல்லா கவனிச்சாங்களாமே" என்று அவர் முகத்தைக் காட்டிச் சிரித்தான். வேறு நாளாக இருந்தால் பெரிய சண்டை ஆகியிருக்கும். அண்ணாந்தார், "ரோட்டுல பள்ளம் அதிகம், மெதுவா ஓட்டு" என்று மட்டும் சொன்னார்.

பூச்சிகள் அடங்குவதற்காகப் பொழுது சாயும்வரை காத்திருந்தோம். அன்று பார்த்து மூன்று மணி வாக்கில் ஒரு சின்ன மழை வந்துவிட்டுப் போனது. அக்கா வாசல்களை அடைத்தாள். அவர் ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கிக் கொடுத்தார். லாரியில் வைக்கோல் பரப்பி, கயிறு போட்டு, அசைத்துப் பார்த்து, மறுபடி கட்டினார். அக்கா அரிசி இருக்கும் இடம், பருப்பு இருக்கும் இடம் எல்லாம் என்னிடம் சொன்னாள். அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. லாரி கிளம்பும்போது மட்டும் தலையை வெளியே நீட்டி, "பொடி அடிக்கும்போது வாயை மூடிக்குங்க, மேல பாத்துக்கிட்டே வாயைத் தொறந்து நிக்காதீங்க" என்றாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

அடுத்த விடியலில் மஞ்சக்காரர் வந்து திருப்தியாக அடித்துவிட்டுப் போனார். மேலும் கீழும், ஒரு மரம் விடாமல். "இப்பதான் வேலை செஞ்ச மாதிரி இருக்கு" என்றார். அண்ணாந்தார் தலையாட்டினார். நான் கிடங்குக்குப் போய்விட்டேன்.

மதியம் சாப்பிட வந்தபோது வீட்டில் ஆள் இல்லை. அடுப்பில் கஞ்சி என்ற பெயரில் ஏதோ ஒன்று பாத்திரத்தோடு பிடித்திருந்தது. தேடிக்கொண்டு கீழ்த்தோட்டத்துக்குப் போனேன். வெறும் கால்களுக்கு நடுவே அவர் குந்தியிருந்தார். ஒரு காலின் உச்சியில் எலுமிச்சம்பழ அளவுக்குப் பூச்சிகள் கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தன.

"நேத்து மழையில மரத்துலயே ஒதுங்கி நின்னுடுச்சு போல" என்றார் மெதுவான குரலில். "இப்ப வந்து பாத்தா வீட்டைக் காணோம். காலைலேருந்து இப்படியே இருக்கு. எங்கயும் போக மாட்டேங்குது."

"பாவம்தான் அண்ணே."

"பாவம்" என்றார்.

நான் கஞ்சியைச் சுரண்டித் தின்றுவிட்டு வெளியே வந்தபோது அவர் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார். சலவைச் சட்டை கொடியில் தொங்கியது. தலையைப் படிய வாரினார். பிறகு மூடி போட்ட தூக்குவாளி ஒன்றை எடுத்துக்கொண்டு கீழே போனார். கோழி இறகால் பூச்சிகளை ஒவ்வொன்றாக, அவசரப்படாமல், உள்ளே தள்ளினார். வாளியின் வாயில் மெல்லிய துணி கட்டினார். ஒன்று மணிக்கட்டில் கொட்டியது. கையை உதறக்கூட இல்லை.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"இதுங்களைக் கொண்டுபோய்ச் சேத்துட்டு வந்துடறேன்."

"அண்ணே, ஒரு கைப்பிடிகூட இல்லை. இத்தனை பூச்சிக்காக மலை தாண்டியா?"

"அங்க இதுங்க வீடு இருக்கு தம்பி. இங்க காலை மட்டும் கட்டிப்பிடிச்சுக்கிட்டு எத்தனை நாள் நிக்கும்?" அதைச் சொல்லிவிட்டுத் தூக்குவாளியைக் காதருகே வைத்துக் கேட்டார். "சத்தம் போடுது. உசுரோடதான் இருக்கு."

பஸ் நிறுத்தம் வரைக்கும் நானும் போனேன். மப்பு இன்னும் விலகவில்லை. பனி விழுந்தால் அடுத்த தடவைப் பொடிக்கு ஆள் சொல்ல வேண்டும், கீழே விழும் இலையைப் பொறுக்கி வெள்ளை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதையெல்லாம் வழி முழுக்க என்னிடம் ஒப்பித்தார். இலை துளிர்க்கும் காலத்தில் அந்த மனிதர் தோட்டத்தை விட்டு ஒரு நாள் அகன்று நான் பார்த்ததில்லை. சொந்த அண்ணன் கல்யாணத்துக்கே சாப்பாட்டு நேரத்துக்குப் போய்விட்டுத் திரும்பியவர் என்று அக்கா சொல்லியிருக்கிறாள்.

பஸ் வந்தது. நடத்துநர் தூக்குவாளியைப் பார்த்து என்னவென்று கேட்டார். "வீட்டு ஆளுங்க" என்று சொல்லிவிட்டு ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். வாளியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கொட்டு வாங்கிய மணிக்கட்டு வீங்க ஆரம்பித்திருந்தது.

"எப்ப வருவீங்க அண்ணே?"

"இதுங்க இடம் பழகணும்ல? நாலு நாள் ஆகும். கூடவும் ஆகலாம்."

"அப்ப மரம்?"

பஸ் நகர ஆரம்பித்துவிட்டது. அவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"மரம் எங்க தம்பி போயிடப்போகுது?" என்றார்.